அன்வருக்கு ஓர் அறிவிப்பு

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோதுதான் சாவுச் செய்தி வந்தது. பூ விற்கும் தனலட்சுமி என்னைப் பார்த்ததும் முழம் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "டீச்சர், ஒங்களுக்கு யாரும் சொல்லலியா? மைக் அக்கா காலையில பூட்டாங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் மைக் அக்கா பேசினார். ஜவுளி எடுக்க வரும் தாய்மார்கள் அமர்வதற்குத் தனி இடவசதி உண்டு என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம்.

அது பதிவு செய்த குரல். அதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஜவுளிக்கடைக்கு அடுத்து எந்த அறிவிப்பு வரும் என்பதும் தெரியும். அது வருவதற்குள் கிளம்பி நின்ற வண்டியில் ஏறிவிட்டேன்.

நிலையத்து வியாபாரிகள் சேர்ந்து வெளியிடும் இந்த மலரில் எழுதச் சொன்னபோது தயங்கினேன். மைக் அக்கா என்று நாம் அழைத்த மெஹருன்னிசா அவர்களை உங்களில் பலர் என்னைவிட அதிக காலம் அறிந்தவர்கள். அவர் குரலைக் கேட்டுக் கடை திறந்து, அவர் குரல் அடங்கியதும் கடை சாத்தியவர்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. நேரக் காப்பாளர் அறைக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு ஏறினால் வரும் சிறிய அறையில்தான் அவர் வாழ்க்கை கழிந்தது. அவருடைய அப்பா கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். நிலையத்தில் கடை விளம்பரங்களை ஒலிபரப்பும் குத்தகை கிடைத்தபோது, ஆள் வைக்க வசதியில்லாமல் மகளை மைக் முன்னால் உட்காரவைத்தார். பிறகு அந்த இடத்தில் வேறு யாரையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மைக்கை விட்டுவிட்டு வருவதானால் சரி என்று வந்த சம்பந்தங்களையெல்லாம் மெஹருன்னிசா அனுப்பிவைத்துவிட்டார்.

நான் முதலில் அந்தப் படிக்கட்டில் ஏறியது சண்டை போடுவதற்காக. சென்னையில் படித்துவிட்டு இந்த ஊர்க் கல்லூரிக்கு வரலாறு நடத்த வந்த புதிது. மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தேர்வுத்தாள் ஒன்றைக்கூடப் படிக்க முடியாத சத்தம். குறைக்கச் சொன்னேன்.

"இன்னா டீச்சர், காலேஜ்ல அத்தினி புள்ளைங்க கத்துறது ஒங்களுக்குக் கம்மியா, நான் ஒருத்தி பேசுறது ஜாஸ்தியா? குந்துங்க, டீ சொல்றேன்" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் வீடும் என் ஊர்ப்பக்கம், தியாகதுருகத்தில். ஒரே பஸ்ஸில் போய்வரத் தொடங்கினோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாளடைவில் கடைக்காரர்களுக்கு விளம்பர வாசகம் எழுதித் தருவது என் வேலையாயிற்று. நான் எழுதுவதில் பாதியை அவர் அடித்துவிடுவார். "ஊருக்கே பேசினா ஒருத்தர் காதுலயும் வுழாது டீச்சர். யாராவது ஒருத்தர மனசுல வெச்சிக்கினு பேசணும்" என்பார்.

ஒருநாள் சந்தைக் கூட்டத்தில் ஒரு சிறுமி தாயைத் தவறவிட்டுவிட்டாள். கரும்புச்சாறு கடைக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். "குழந்தை காணாமற்போன தாய்" என்று நான் எழுதிக் கொடுத்தேன். மெஹருன்னிசா அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "பச்சைப் பாவாடை கட்டின பாப்பா எங்கக்கிட்ட இருக்கா. கரும்புச்சாறு குடிச்சிக்கினு இருக்கா. அம்மா மெதுவா வரலாம்" என்று மைக்கில் சொன்னார். எழுத்துத் தமிழைக்கூட விட்டுவிட்டார். தாய் வந்தார், மூச்சிரைக்க ஆனால் அழாமல். "காணாம்னு சொன்னா ஓடுவாங்க, வுழுவாங்க. கெடச்சிதுன்னு சொன்னா வருவாங்க" என்றார் மெஹருன்னிசா என்னிடம்.

அப்படிப்பட்டவரால் ஒரே ஒருவர் விஷயத்தில் மட்டும் அந்த முறையைக் கடைப்பிடிக்க முடியவில்லை. நிலையத்தில் கால்வைத்த எல்லோரும் கேட்டிருப்பீர்கள்: "வெள்ளிமலை ஜீப் ஓட்டுநர் அன்வர், எங்கிருந்தாலும் ஒலிபரப்பு அறைக்கு வரவும். உங்கள் அக்கா காத்திருக்கிறார்." தன்னையே யாரோ ஒருவரைப்போலச் சொல்லிக்கொள்வார். சொன்னபிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசமாட்டார். கீழே நிற்கும் ஒருவர் கூட்டத்தை விலக்கி, படி ஏறி, கதவைத் தட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகுதான் அடுத்த விளம்பரம். தன் விளம்பரம் அந்த மௌனத்தால் தள்ளிப்போகிறது என்று இனிப்புக்கடை முதலாளி கோபித்துக்கொண்டது உண்டு. "படி செங்குத்தா கீதுங்க, ஏறி வரணுமில்ல?" என்று அவருக்குப் பதில் போயிற்று.

அன்வர் அவருடைய தம்பி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டியவர். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த ஆண்டில் காணாமற்போனவர்.

அந்த நாட்கள் நினைவிருக்கும் வயதினர் இங்கே நிறைய இருக்கிறீர்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. போலீஸ் வருகிறது என்றால் ஆண்கள் கரும்புக் கொல்லைகளுக்குள் மறைந்தார்கள். கேட்டது நியாயமான பங்கு என்றுதான் அன்றும் இன்றும் நினைக்கிறேன். கேட்கப் போய்த் திரும்பாதவர்களும் உண்டு. கேட்காமலே சிக்கியவர்களும் உண்டு.

மறியல் தொடங்கிய அன்று புளியும் கடுக்காயும் விற்க வந்திருந்த கல்வராயன் மலைக்காரர்கள் நிலையத்தில் சிக்கிக்கொண்டார்கள். அன்வர் படி ஏறிவந்து, "அக்கா, நீ மைக்குல கூப்புடு. கச்சிராயபாளையம் பக்கம் இன்னும் வழி கீதாம். இவங்கள அடிவாரத்துல வுட்டுட்டு வந்துர்றேன்" என்றார். மெஹருன்னிசா கூப்பிட்டார். ஜீப் நிரம்பிப் போயிற்று. பொழுது சாயும்வரை தம்பி வரவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு, தியாகதுருகம் போகும் பெண்கள் சிலரோடு சேர்ந்து நடந்தே வீடு சேர்ந்தார். ஜீப்பை அடிவாரத்தில் கண்டெடுத்தார்கள். சாவி வண்டியிலேயே இருந்தது. அன்வர் இல்லை. காவல் நிலையம், மருத்துவமனை, சேலம், ஆத்தூர் என்று தேடியதில் ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

"நாந்தான கூப்புட்டு ஏத்தி அனுப்புனேன்? நாந்தான் திருப்பிக் கூப்புடணும்" என்பார். அவருடைய அம்மா சாகும்வரை அன்வர் பேருக்கு, இறந்தவர்களுக்கு ஓதும் பாத்திஹாவை ஓதிவிடலாம் என்று கெஞ்சினார். மகள் சம்மதிக்கவில்லை.

நான் எதற்கும் சான்று கேட்கும் பழக்கமுள்ளவள். ஒருநாள் பஸ்ஸில் மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, இத்தனை வருஷம் ஆகிவிட்டது. இருந்தால் வந்திருக்கமாட்டாரா?"

அவர் சன்னல் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்தார். "டீச்சர், பஸ்ஸு வர லேட்டாச்சின்னா ஸ்டாப்பிங் போர்ட கழட்டிக்கினு பூடுவாங்களா?"

தியாகதுருகம் சாலையில் மரம் வெட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் புறப்பட்டது நினைவிருக்கிறது. பின்னால் எனக்கு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைத்ததற்கும் அந்தக் கோடாரிக்கும் தொடர்பு உண்டு. இதை மெஹருன்னிசாவிடம் சொல்லாமல் பழகுவது சரியில்லை என்று தோன்றியதால் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அப்ப நீங்க குந்திப் படிச்ச பெஞ்சு அந்த மரத்துலதான் செஞ்சிருப்பாங்க." கொஞ்சம் கழித்து, "அன்னிக்கி நடந்து வர்றப்ப ஒரு பெரிய மரத்தத் தாண்ட முடியாம நின்னேன். ஒருத்தர் கை குடுத்து ஏத்திவுட்டாரு. 'பாத்துப் போம்மா'ன்னாரு. மூஞ்சியப் பாக்கல. ஒங்கப்பாவாகூட இருந்திருப்பாரு, யாரு கண்டா?" என்றார். என் அப்பா அதற்குள் இறந்துவிட்டிருந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புதன்கிழமை, அந்த அறிவிப்புக்குப் பின்னான மௌனத்தில் படிக்கட்டு அதிர்ந்தது. நான் அறையில் இருந்தேன். இரும்புப் படியில் வெறும் கால் ஏறிவரும் ஓசை. மெஹருன்னிசா எழுந்து நின்றுவிட்டார். முக்காடு நழுவியதையும் கவனிக்கவில்லை. அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

வாசலில் நரைத்த தலையோடு ஒருவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் அன்வரு இல்லீங்க" என்றார் முதலில்.

வெள்ளிமலைப் பக்கத்துச் சடையன் என்று பெயர் சொன்னார். "அன்னிக்கி அந்த ஜீப்புல ஏறுனவன். சந்தைக்கு வர்றப்பல்லாம் மைக்குல கேக்குறேன். கூப்புட்றது என்னியதான்னு இருக்குது. ஏறி வர தகிரியம் இல்ல. இப்ப ஒடம்புக்கு முடியல. சொல்லாம பூட்டேன்னா பாவம்."

மெஹருன்னிசா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார்.

"அடிவாரத்துல மரம் வெட்டிப் போட்டுட்டாங்க. எறங்கி நடக்கலாம்னு எறங்கிட்டோம். திரும்பிப் பாத்தா பின்னாலயும் மரம் வுழுது. வண்டி எந்தப் பக்கமும் போவாது. எங்ககூட மேல வந்துடுப்பான்னோம். கேக்கல. 'எங்கக்கா ஒண்டியா மைக் ரூம்ல குந்திக்கினு கீது. பஸ்ஸு இல்ல. எப்பிடி வூட்டுக்குப் போவும்? நான் போயி இட்டுக்கினு போவணும்'னு கரும்புக் கொல்லைக்குள்ள பூந்து குறுக்கால நடந்தாரு. அவ்ளோதாங்க நான் பாத்தது. கொஞ்ச தூரம் கரும்பு ஆடிச்சி. அப்பறம் ஆடல."

அடுத்த விளம்பரம் தொடங்காமல், ஒலிபெருக்கி வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. கீழே டீக்கடைக்காரர், "அக்கா, கரண்டு பூட்ச்சா?" என்று கத்தினார்.

மெஹருன்னிசா சடையனுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டுப் படி இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் வூடு போயி சேந்தது அவனுக்குத் தெரியாது" என்றார்.

மறுநாள் அறிவிப்பு மாறியிருந்தது. யாரிடமும் கேட்கவில்லை, என்னிடமும் வாசகம் கேட்கவில்லை. "வெள்ளிமலை ஜீப் ஓட்டுநர் அன்வர், எங்கிருந்தாலும் கவலைப்பட வேண்டாம். உங்கள் அக்கா பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்." அதற்குப் பிறகும் அதே மௌனம். வரச்சொல்லிக் கூப்பிடாதபோது எதற்கு அந்த இடைவெளி என்று நான் கேட்டேன். "வந்தா வேணாம்னா சொல்லப்போறேன்?" என்றார்.

மைக்கின் இடத்துக்குக் கணினி வந்தபோது எல்லா அறிவிப்புகளையும் ஒருமுறை பேசிப் பதிந்துவைத்தார். நோய் வந்து படியேற முடியாத மாதங்களிலும் அந்தப் பதிவுதான் ஓடியது. ஒருமுறை பார்க்கப் போனபோது, படுத்தபடியே, "இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். ஜவுளிக்கடையைப் பற்றிக் கேட்கவில்லை என்று தெரியும். ஓடுகிறது என்றேன்.

அவர் இறந்த மூன்றாம் நாள் வீட்டில் பாத்திஹா ஓதினார்கள். ஓதியவர் மெஹருன்னிசாவின் பெயரோடு அன்வரின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். உறவினர்கள் முடிவு செய்திருந்தார்கள். தடுக்க இனி யாரும் இல்லை. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதில் என்ன உரிமை?

அடுத்த வாரம் வியாபாரிகள் கூடிப் பேசினீர்கள். விளம்பரங்களில் அவர் குரல் கொஞ்ச காலம் இருக்கட்டும், அன்வர் அறிவிப்பை மட்டும் எடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். "சொல்ற அக்காவும் இல்ல, கேக்குற தம்பியும் இல்ல. பாத்திஹாவும் ஓதியாச்சி. அப்பறம் யாருக்கு?" என்று இனிப்புக்கடைக்காரர் கேட்டார். கேள்வியில் தவறில்லை. வெள்ளிமலை ஜீப்காரர் ஒருவர் மட்டும், "இருந்துட்டுப் போவுதே" என்றார். என்னையும் கேட்டீர்கள். இறந்த ஒருவர் இறந்த இன்னொருவருக்குச் சொல்லும் செய்தியைப் பேருந்து நிலையத்தில் ஒலிபரப்ப வேண்டும் என்பதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். காரணமில்லாமல் நான் பேசியது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன். பெரும்பான்மை வேறு பக்கம் இருந்தது. செல்போன் கடைக்காரர் கணினியில் அந்த வரியை வெட்டி எடுத்தார்.

வரியை மட்டும்தான் வெட்டினார். அதன் பின்னால் இருந்த மௌனம் பதிவில் வெறும் கோடாகத் தெரிந்திருக்கும். அதையும் ஒருவர் வேண்டுமென்றே பதிந்திருப்பார் என்று அவர் நினைக்கவில்லை. இப்போது ஜவுளிக்கடை விளம்பரம் முடிந்ததும், இனிப்புக்கடை விளம்பரம் தொடங்கும் முன், ஒலிபெருக்கி நின்றுபோகிறது. பயணிகள் கரண்டு போய்விட்டதென்று நினைக்கிறார்கள். தனலட்சுமி முழம் போடுவதை நிறுத்துகிறார்.

மெஹருன்னிசாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இடைவெளி. வியாபாரிகளே, இதை நான் உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம், சொன்னபின் அதையும் வெட்டிவிடுவீர்களோ என்ற அச்சத்தோடுதான் எழுதுகிறேன். ஆவி, ஆன்மா எதையும் நம்புகிறவள் அல்ல நான். ஆனாலும் தினமும் மாலையில் அந்த மௌனம் வரும்போது, வந்த பஸ்ஸைப் போகவிட்டு, ஓர் ஆள் ஏறிமுடிக்கும் நேரம்வரை, இரும்புப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.