வாசலில் நிறுத்தப்பட்ட என் கால்கள்: விஸ்வநத்தம், 1964

போன பதிவில், எனக்கு வயிற்றில் முக்கால் பங்கு கிடையாது என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். மூன்று பேர் உடனே கேள்வி அனுப்பிவிட்டார்கள். மூவருமே எடை குறைக்க வயிற்றைச் சுருக்கிக்கொண்டவர்கள். வெளியூர் போகவே பயமாக இருக்கிறது, எதைச் சாப்பிடுவது, எதை எடுத்துப் போவது என்று கேட்கிறார்கள். என் வயிறு போனது எடைக்காக அல்ல. 1959-ல் மதுரையில் வயிற்றுப்புண்ணுக்காக அறுத்து எடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு உடம்பு படுத்தும் பாடு ஏறக்குறைய ஒன்றுதான். சாப்பாட்டு விஷயத்தில் நான் கெட்டிக்காரன், எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில் சந்தி சிரித்த கதையைத்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன்.

அப்போது நான் மதுரையில் ஒரு காகித மண்டியின் வெளியூர் ஏஜெண்டு. புஸ்வாணம் சுற்றுகிற வண்ணக் காகிதம் எங்கள் சரக்கு. சிவகாசிக்குப் பக்கத்து விஸ்வநத்தத்திலிருந்து ஒரு பட்டாசுக் கம்பெனிக்காரர் கடிதம் போட்டிருந்தார். வெடிமருந்து அடைக்கும்போது காகிதம் கிழிகிறது, நேரில் வந்து பார்க்கவும் என்று. 1964 ஆனி மாதம், சீசன் சூடு பிடிக்கும் நேரம். மறுநாளே கிளம்பினேன்.

காலை ஆறேகாலுக்கு மதுரையில் ரயில், ஏழு நாற்பதுக்கு விருதுநகர். டிக்கெட் ஒரு ரூபாய் பத்து பைசா. இறங்கியதும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தேன். இரண்டு இட்லி, ஓர் அவித்த முட்டை. அதைச் சாப்பிட இருபது நிமிஷம். தண்ணீர் அரைமணி கழித்துத்தான், அதுவும் மடக்கு மடக்காக. பத்தரைக்குப் பொட்டுக்கடலை ஒரு கை, ஒரு மணிக்கு மோர் சாதம் என்று நாளைக்கு ஆறு வேளை. எல்லாம் டைரியில் எழுதி வைத்திருப்பேன். ஸ்டேஷனுக்கு வெளியே மிளகாய் மூட்டை வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தும்மியபடியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இந்த ஊரின் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு நான் அடிமை. ஆனால் அது சாயங்காலச் சரக்கு, எனக்கு அரைப் பரோட்டாதான் அளவு. திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நாக்கைச் சமாதானப்படுத்தினேன்.

எட்டரை பஸ், பதினேழு மைல், எழுபத்தைந்து பைசா. ஒன்பதே முக்காலுக்குச் சிவகாசியில் இறங்கும்போது கால் இரண்டும் பஞ்சு மேல் வைப்பதுபோல இருந்தது. நாலைந்து மாதமாகவே அப்படித்தான். புதுச் செருப்பு இன்னும் பழகவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லி வைத்திருந்தேன். விஸ்வநத்தம் அங்கிருந்து இரண்டு மைல். ஒரு ரூபாய்க்குக் குதிரைவண்டி பேசினேன். வண்டிக்காரர் மாடசாமி ஐம்பது வயது ஆள். நான் ஏறி உட்கார்ந்ததும் அவர் சிரித்தார்.

"என்னய்யா, ஒத்தச் செருப்ப அங்கன விட்டுட்டு ஏறிட்டீக?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. பத்தடி தள்ளி, மண்ணில் அநாதையாகக் கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. "யோசனையில் வந்துவிட்டேன்" என்று நானும் சிரித்தேன். மாடசாமி இறங்கிப் போய் எடுத்து வந்து, "வார் பிடி விட்டிருக்கு, ஆணி விழுந்திருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார். அந்த ஆணி எங்கே போனது என்று நான் யோசிக்கவில்லை.

கம்பெனி முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். என் வயிற்று விவகாரம் அவருக்கு முன்பே தெரியும்.

"வாங்க அரை வயித்து ஏஜெண்டு! கருப்பட்டி மிட்டாய் வாங்கி வச்சிருக்கேன், ஒண்ணாச்சும் எடுங்க."

"வேண்டாம் அண்ணாச்சி. தின்ற பத்தாவது நிமிஷம் நெஞ்சு படபடத்து, சட்டை நனைய வியர்த்து, உங்கள் ஆபீஸ் பெஞ்சிலேயே படுத்துவிடுவேன்."

"எம்புட்டு வெவரமா இருக்கீக!" என்று வியந்து மிட்டாய்த் தட்டை நகர்த்தினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. உடம்பைக் கட்டி ஆளத் தெரிந்தவன் என்ற நினைப்பு. காகிதத்தைக் காட்ட அவரே என்னை, மருந்து அடைக்கிற அடைப்பு ரூமுக்கு அழைத்துப் போனார்.

இதுவரை பட்டாசுக் கம்பெனியை உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்கு: அது ஒரே கட்டடமாக இருக்காது. வெட்டவெளியில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், நடுவே வேப்பமரங்கள். ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிரே வாசல். உள்ளே நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்தும் கொஞ்சம்தான் இருக்கும், அது தீர்ந்தால்தான் அடுத்தது வரும். அத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. பேச்சுகூட மெதுவாகத்தான்.

அறை வாசலில் ஒரு சிமென்ட் தொட்டி நிறையத் தண்ணீர், பக்கத்தில் ஈரச் சாக்கு. அங்கே நாற்பது வயதுள்ள ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெயர் சீனியம்மாள், எம். புதுப்பட்டிக்காரர். என் கடிகாரம், சாவிக்கொத்து, பேனா, பெல்ட் எல்லாவற்றையும் வாங்கி ஓலைப்பெட்டியில் போட்டார்.

"செருப்ப விட்டுட்டு, கால முக்குங்க. பெறகு ஒவ்வொண்ணாத் தூக்குங்க."

உள்ளே போகிற ஒவ்வொருவர் பாதத்தையும் அவர் கையால் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார். ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் உரசிப் பொறி வந்துவிடும். வலது காலைத் தடவிவிட்டு இடது காலைத் தூக்கியவர் நிறுத்தினார். காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் கூச்சத்தில் இழுக்கப் பார்த்தேன், அவர் விடவில்லை.

"வலிக்கலையா?"

"எங்கே?"

நகத்தால் நெம்பி எதையோ பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். செருப்பு ஆணி. அரை அங்குலம் இருக்கும். குதிகாலில் ஏறி, தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தொட்டித் தண்ணீரில் ரத்தம் நூல்போலக் கலங்கியது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"மொகத்த அங்கிட்டுத் திருப்புங்க. இப்ப எந்த வெரலப் பிடிச்சிருக்கேன்?"

"கட்டைவிரல்."

"சுண்டுவெரலு" என்றார். குரலில் கோபம் இல்லை.

அந்த நிமிஷம் எனக்கு நினைவு வந்தது பெருவியாதி, அதாவது குஷ்டம். அந்தக் காலத்தில் கால் மரத்தால் வேறு எது நினைவுக்கு வரும்? என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் காலை மடியிலிருந்து இறக்கவில்லை. துணி கிழித்துக் கட்டிய பிறகுதான் இறக்கினார்.

"இந்தக் காலோட உள்ள விட மாட்டேன். நீங்க எதை மிதிக்கீகன்னு ஒங்களுக்கே தெரியாது. உள்ள நாலு பேரு இருக்காக."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தேன். அவர் கையை விரித்தார். "வாசல்ல அது சொல்றதுதான். என்னையே ரெண்டு தடவ திருப்பி அனுப்பிருக்கு." கிழிந்த காகிதங்களை அவர்களே வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தேன். இரும்பு ஆணித் தலையோடு அந்த அறைக்குள் காலை வைத்திருந்தால் ஒரு பொறி போதும், உள்ளே இருந்த நாலு பேரும் போயிருப்பார்கள்.

வெளியே காத்திருந்த மாடசாமி என்னைச் சிவகாசியில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய் இறக்கினார். திரும்பும் வாடகை வாங்க மறுத்துவிட்டார். டாக்டர் என் நாக்கை நீட்டச் சொன்னார், வழவழவென்று சிவந்திருந்தது. கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார், வெளுத்திருந்தது. இரண்டு முனை உள்ள ஓர் இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டுக் கணுக்காலில் வைத்தார். அதன் அதிர்வும் எனக்குத் தெரியவில்லை.

"பெருவியாதி இல்லை. வயிற்றை எடுத்தபோது மாதா மாதம் ஊசி போடச் சொன்னார்களா?"

சொன்னார்கள். ரத்தச் சிவப்பில் ஒரு வைட்டமின் ஊசி. ஒன்றரை வருஷம் போட்டேன். வலி இல்லை, வாந்தி இல்லை, ஆறு வேளைச் சாப்பாடு அத்துப்படி, இனி எதற்கு ஊசி என்று நிறுத்திவிட்டேன். சாப்பாட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிடித்துக்கொள்ள என் வயிற்றால் முடியாது என்றும், உடம்பில் பழைய சேமிப்பு இருந்தவரை ஓடியது, அது தீர்ந்ததும் ரத்தமும் நரம்பும் அடி வாங்கிவிட்டன என்றும் டாக்டர் சொன்னார். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் நடையே போயிருக்குமாம். அன்றே முதல் ஊசி. பிறகு மதுரையில் தினம் ஒன்று, வாரம் ஒன்று, மாதம் ஒன்று. கூடவே இரும்புச்சத்து மாத்திரை. அன்றைக்கு விருதுநகர்ப் பரோட்டாவை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேட்ட மூவருக்கும் இப்போது சொல்கிறேன். சாப்பாட்டு டப்பா, சின்னக் கவளம், இனிப்புக்குத் தடை, தண்ணீர் தனியாக, இதெல்லாம் உங்களுக்கே சீக்கிரம் பழகிவிடும், ஏனென்றால் தவறினால் வயிறு உடனே சத்தம் போடும். சத்துக்குறைவு சத்தம் போடாது. நன்றாக இருக்கிறேன் என்று தோன்றுகிற வருஷத்தில்தான் அது உள்ளே நுழையும். டாக்டர் சொன்ன ஊசி, மாத்திரை, ரத்தப் பரிசோதனை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பயணத் தேதியில் ஊசி வந்தால் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். ராத்தங்கும் இடத்தில் உள்ளங்காலை ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். அறுபது வருஷமாக நான் அதைச் செய்கிறேன்.

கார்த்திகையில் மறுபடி விஸ்வநத்தம் போனேன். அதே ரயில், அதே பஸ், அதே மாடசாமி. செருப்பைக் காட்டி, "ரெண்டும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் குதிரையைத் தட்டினார். அண்ணாச்சியிடம்கூடப் போகாமல் நேரே அந்த வாசலுக்குப் போனேன். மாற்றிக் கொடுத்த காகிதத்தைப் பார்க்கவேண்டும் என்பது சாக்கு. சீனியம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கடிகாரத்தையும் பேனாவையும் வாங்கிப் பெட்டியில் போட்டார். இடது காலைத் தூக்கினேன்.

"மொகத்தத் திருப்புங்க. எந்த வெரலு?"

"சுண்டுவிரல்."

"இப்ப?"

"அதற்குப் பக்கத்து விரல்."

அவர் உள்ளங்காலை நிதானமாகத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி தொட்டியில் முக்கச் சொன்னார். "தண்ணி எப்படி இருக்கு?"

"சில்லென்று இருக்கிறதம்மா."

"அப்ப உள்ள வாங்க" என்றார்.