தபசில் கொடுத்த ரத்தம்

அமலதாஸ் ஏமாற்றுக்காரர் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுக்காலத்தில் அவர் இருந்த ஒருசந்தி நோன்பு அத்தனையும் அசல். மைசூரிலிருந்து நஞ்சன்கூட்டு ஆலை ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர் அவர். சாம்பல் புதன் வந்துவிட்டால் காப்பிக்குச் சர்க்கரை கிடையாது, இறைச்சி கிடையாது, ராத்திரி ஒரு கோதுமை தோசையோடு சரி. பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய் சுகர் டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பார். நார்மல் என்று வரும். வராமல் என்ன செய்யும்!

அந்த நற்செய்தியை அக்கம்பக்கமெல்லாம் பரப்பிவிட்டு, ஈஸ்டர் அன்றைக்குக் கேசரிபாத்தில் கைவைப்பார். அடுத்த சாம்பல் புதன் வரைக்கும் எடுக்க மாட்டார். இடையில் மனைவி விக்டோரியா, "ராத்திரி சும்மா சும்மா ஒண்ணுக்கு எழுந்து போறீங்க, இப்ப ஒருக்கா டெஸ்ட் பண்ணுங்களேன்" என்றால், "நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

தொண்ணூற்றேழில் ஒருநாள் ரோட்டில் கறுப்பு நூல்கள் மிதந்தன. பஸ் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை வருஷமா சுகர்?"

"எனக்கு இல்லவே இல்லைங்க டாக்டர். வருஷா வருஷம் பாக்கிறேன், தபசுல."

விஷயம் புரிந்தும் அந்த அம்மா சிரிக்கவில்லை. "கண்ணு வருஷம் பூரா உங்களோடதானே இருந்துது? உள்ள ரத்தக்குழாய் கசிஞ்சிருக்கு. சுகரைப் பிடிச்சு நிறுத்தி, லேசர் வைக்கணும். மிச்சப் பார்வையைக் காப்பாத்தலாம், போனது வராது. ஆமா, இதோட பஸ்ஸை எப்படி ஓட்டினீங்க?"

"ரோடு பழக்கம்தானே டாக்டர்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஐயோ, ஒரு பஸ் ஜனம், இவரை நம்பிப் பின்னால் தூங்கிக்கொண்டு வருகிறதே! ஆனாலும் சொன்னால் வேலை போகும். லேசர் வைக்கும்வரை கமுக்கமாக ஓட்டிவிடலாமா என்று யோசிக்கத்தான் செய்தார்.

மறுநாள் காலை ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் பஸ் கிளம்பவில்லை. அமலதாஸ் இறங்கிப்போய் சூப்பர்வைசர் தொட்டையனிடம் சாவியை நீட்டினார்.

"ஏனாயித்து, அமலதாஸ்?" என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டார் தொட்டையன்.

ஊரெல்லாம் நார்மல் என்று சொல்லித் திரிந்த அதே வாயால் அமலதாஸ் சொன்னார்.

"எனக்கு சுகர் இருக்கு சார். ரொம்ப வருஷமாவே இருக்கு. வேற ஆளை அனுப்புங்க."