சட்டையில் ஊரும் எறும்பு

பகல் பதினொன்றரை மணிக்கு அண்ணி போன் செய்தார். அலுவலகத்தில் என் மேஜைக்கு அப்போதுதான் தேநீர் வந்திருந்தது.

"தம்பி, அண்ணன் நாற்காலியிலேயே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். உயிர் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

அண்ணன் வீடியோ எடிட்டர். வீட்டு முன்னறையில் ஒரு கணினி, ஒரு சுழல் நாற்காலி, ஜன்னலை மறைக்கக் கறுப்புத் துணி. அதுதான் அவர் கடை. குடும்பப் புகைப்படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இசை சேர்த்து, திரையில் மெல்ல நகர்கிற படங்களாகக் கோத்துத் தருவார். அவருடைய ஒரே எதிரி பொடிக்கோடு போட்ட சட்டை. புகைப்படத்தில் சாதுவாக இருக்கும் கோடுகள், படம் நகரத் தொடங்கியதும் மினுமினுத்து நெளியும். "எறும்பு ஊருது" என்பார். கொஞ்சம் மங்கலாக்கினால் அடங்கும். எவ்வளவு கொஞ்சம் என்பதற்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

"ஊரார் சட்டையில ஊர்ற எறும்பு தெரியுது, நம்ம சர்க்கரை டப்பாவுல ஊர்றது கண்ணுக்குத் தெரியல" என்று அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"அது நிஜ எறும்பும்மா. அதுக்கு என் கம்ப்யூட்டர்ல வழி இல்ல."

கடைசியாக வந்தது எதிர்வரிசை டைலரின் வேலை. அவருக்கும் மனைவிக்கும் திருமணமாகி நாற்பது வருடம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உறவினர்களை அழைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். எல்லாப் படத்திலும் அவரே தைத்த பொடிக்கோடு போட்ட சட்டை.

"எடிட்டரே, சட்டை மங்கக் கூடாது. என் தையல் தெரியணும்."

"தையல் தெரிஞ்சா எறும்பும் தெரியும் மாஸ்டர். ஒரு வெள்ளைச் சட்டைகூடவா போட்டதில்ல?"

"இருங்க, உங்களுக்கே பொடிக்கோட்டுல ஒண்ணு தைச்சு மாட்டி விடுறேன். அன்னைக்கு அதைத்தான் போட்டுட்டு வரணும்."

அண்ணன் சிரித்துக்கொண்டே அளவு கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்குள் முடித்துத் தருவதாக வாக்கும் கொடுத்தார். அதற்கு முந்தைய வாரம் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த டைலர் வீடியோவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் படியிறங்கியதும் அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"அவரு கேக்கலைங்கிறதுக்காக நாம சும்மா இருக்கக் கூடாது தம்பி. உங்கண்ணன் சொன்ன தேதியைத் தாண்டினதே இல்ல. கடைசி வேலையிலயா தாண்டணும்?"

எனக்கு அந்த வேலை அரைகுறையாகத் தெரியும். பாக்கி இருந்த படங்களில் ஒன்றை எடுத்து முழுவதையும் மங்கலாக்கினேன். எறும்பு நின்றது.

"முகமும் போச்சே!" என்றார் பின்னால் நின்ற அண்ணி. "அந்தம்மா சிரிக்கிறாங்களா அழுறாங்களான்னே தெரியல."

அண்ணன் முடித்து வைத்திருந்த படங்களைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றில் சட்டையைச் சுற்றிக் கோடு வரைந்து, சட்டையை மட்டும் மங்கலாக்கியிருந்தார். படம் நகர்ந்துகொண்டிருக்கும்போது அந்தப் பிரதி தெரியும். நின்றதும் தெளிவான பிரதி மெதுவாக அதன் மேல் வந்துவிடும். நிற்கிற படத்தில் எறும்பு ஊராது.

"தன் பிடிவாதத்தையும் விடல, மாஸ்டர் பிடிவாதத்தையும் காப்பாத்தியிருக்காரு" என்றார் அண்ணி. அந்த வாரத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. என்னை எழுப்பிவிட்டுச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை விளிம்பைச் சுற்றி வருவதில் என் கையைவிட அவர் கை நிதானமாக இருந்தது. சனிக்கிழமை மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

மறுநாள், கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனோம். டைலர் விடவில்லை. கதவோரம் நின்று பார்த்தோம். திரையில் இளவயது டைலர் மெல்ல நகர்ந்து வந்து நின்றார். காலரின் தையல் ஒவ்வொன்றாகத் தெளிந்தது. டைலர் எழுந்து திரைக்கு அருகே போய், "பாரு, என் தையல்..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உட்காருங்க, மறைக்குது" என்றார் மனைவி.

வெளியே வரும்போது ஒருவர், தன் அப்பாவின் படங்களைத் தரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"கொண்டாங்க. தேதி மட்டும் நான் சொல்றதுதான்."

டைலர் கடையில் அண்ணனுடைய சட்டை ஆணியில் தொங்குகிறது. பொடிக்கோடுதான். காலரும் கையும் வைத்தாகிவிட்டது. பொத்தான்கள் இன்னும் தைக்கப்படவில்லை.