விடியலில் சொல்ல வேண்டிய செய்தி

ஹப்தாமுவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபாவை விட்டு அமெரிக்காவில் மேரிலாந்துக்கு வந்து பத்தொன்பது வருஷம். காலையில் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பான். மாலையில் கோட்டு மாட்டிக்கொண்டு எங்கள் அம்ஹாரிக் மொழித் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பான். கோட்டுக்குக் கீழே அதே பழைய கால்சட்டைதான், காமிராவுக்கு அது எங்கே தெரியப்போகிறது? எந்தச் செய்தியானாலும் தான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு வெறி.

அந்த வெறி ஒருமுறை அவனைப் பாவத்தில் கொண்டுபோய் விட்டது. ஊரில் ஒரு பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்தது. இறந்தவர்களின் பட்டியல் கைக்கு வந்ததும் மடமடவென்று வாசித்துவிட்டான். சாவை நாங்கள் போனில் சொல்ல மாட்டோம். நாள் கணக்கில் மறைத்து வைத்து, வேண்டியவர்கள் எல்லாரும் கூடி, விடியற்காலையில் வீட்டுக்கே போய், உட்காரவைத்துத்தான் சொல்வோம். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து வந்து சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்த வெய்னிஷெத், தன் மகன் பெயரை ஹப்தாமுவின் வாயால் கேட்டாள். மன்னிப்புக் கேட்கப் போனவனுக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஆறு வருஷமாக மாதா கோயிலில் அவளைக் கண்டாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவான்.

போன புதன்கிழமை, நிலையத்தை நடத்துகிற கிர்மா, "இந்த வாரம் நீ வாசிக்க வேணாம்பா, ரெஸ்ட் எடு," என்றான். எங்கள் ஊர் இஞ்சேரா அப்பம் விற்கிற கடையில் காசு வாங்க மறுத்தார்கள். ஹப்தாமுவுக்குச் சந்தேகம் தட்டியது. ஊரிலிருக்கும் தம்பி தாமிருவுக்குப் போன் போட்டான்.

"அம்மாகிட்ட குடு."

"புனித நீர்ல குளிக்கப் போயிருக்காங்கண்ணே. அங்க போன் எடுக்காது."

"போன வாரமும் இதான் சொன்ன."

"முட்டி வலி ஒரு நாள்ல சரியாகுமா? நீ சாப்டியா?"

"தாமிரு, உண்மையச் சொல்லு. இருக்காங்களா, இல்லையா?"

"என்ன பேச்சுண்ணே இது. ஒடம்பப் பாத்துக்க," என்று வைத்துவிட்டான்.

அப்புறம் யாரைக் கூப்பிட்டாலும் பனி கொட்டுகிற கதையே பேசினார்கள். ஊரார் வாயையெல்லாம் கிண்டிக் கிளறுகிறவனிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தான்.

ஞாயிறு விடியும்போது வாசலில் கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம். பிறகு படியில் நிறையக் காலடிகள். கதவைத் திறக்காத வரைக்கும் அம்மா உயிரோடு இருப்பாள் என்று தோன்றியது. திறந்தான். கூட்டத்துக்கு முன்னால் நின்றது வெய்னிஷெத்.

"அக்கா, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லிடுங்க."

"அவசரப்படாத தம்பி. மொதல்ல உக்காரு."

உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம்பது நாளாச்சுப்பா. தூக்கத்துலயே போயிட்டாங்க. நாந்தான் சொல்லுவேன்னு இவங்ககிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

அவன் வாய்விட்டு அழுதான். விழாமல் தாங்கிக்கொள்ளப் பதினேழு பேர் இருந்தார்கள். அன்றைக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்த வெய்னிஷெத்துக்குப் பக்கத்தில் தொலைக்காட்சி மட்டும்தான் இருந்தது.