சரி டீச்சரும் வெங்காயத் தோலும்

அவர் கணக்கு டீச்சர்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வைத்த பெயர் 'சரி டீச்சர்'. யார் எந்த வேலையைக் கொண்டுவந்து தலையில் கட்டினாலும் "சரிங்க" என்று வாங்கிக்கொள்வார். ஒருநாளாவது முடியாது என்று சொல்லிவிட மாட்டாரா என்று மற்ற டீச்சர்களே பரிதாபப்படும் அளவுக்கு அப்படி ஒரு சரி.

அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். தலைமையாசிரியை நேராக இவரிடம் வந்தார்.

"ஆறாம் வகுப்புக்கு திங்கக்கிழமை மைக்ராஸ்கோப் காட்டணும். வெங்காயத் தோல்ல செல் பாக்கற பாடம். நீங்க பாத்துக்கறீங்களா?"

"சரிங்க மேடம்."

வாய் சொல்லிவிட்டது. வசமாக மாட்டிக்கொண்டார். ஏனென்றால், டீச்சர் வாழ்நாளில் ஒருதடவைகூட மைக்ராஸ்கோப்பில் எதையும் பார்த்ததில்லை. படிக்கிற காலத்தில் வகுப்புக்கே ஒரே ஒரு மைக்ராஸ்கோப். உயரப்படி வரிசை. இவரோ வகுப்பிலேயே ஒட்டகம். கடைசியில்தான் நிற்க வேண்டும். முறை வருவதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கும். குனிந்தால் கும்மிருட்டு. "தெரியுதா?" என்பார் சார். பின்னால் அடுத்த வகுப்பு இடித்துக்கொண்டு நிற்கும்போது என்ன சொல்வது? "தெரியுது சார்" என்று நகர்ந்துவிடுவார். புத்தகத்துப் படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைந்து முழு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டார். யாருக்கும் சந்தேகமே வரவில்லை, அதுதான் கொடுமை.

பாடம் நடத்தும்போது பிள்ளைகள் முன்னால் முழி பிதுங்கி நிற்க வேண்டுமே என்ற பயத்தில், அனுமதி கேட்டு மைக்ராஸ்கோப் பெட்டியை வெள்ளிக்கிழமையே வீட்டுக்குத் தூக்கிவந்தார். வீட்டுக்காரர் மின்விசிறி, மிக்ஸி பழுது பார்ப்பவர். சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டிருந்த மிக்ஸியை ஓரமாகத் தள்ளி இடம் கொடுத்தார்.

வெங்காயத்தை நறுக்கி, இதழின் உட்பக்கத்து மெல்லிய சவ்வை உரித்து, கண்ணாடித் தகட்டில் விரித்து, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடினார். கண்ணை வைத்தார். இருட்டு. அடியில் இருந்த குட்டிக் கண்ணாடியை விளக்குப் பக்கம் திருப்பியதும் பளீரென்று வெளிச்சம். அதில் நீளநீளமாகக் கறுப்பு நூல்கள்.

"என்னங்க! ஓடி வாங்க! தெரியுது! அய்யோ, இது அசையுதுங்க, உயிரோட இருக்கு!"

அவர் ஸ்குரூ டிரைவரும் கையுமாக வந்து குனிந்தார். நிமிர்ந்தபோது ஒற்றைக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம்.

"என்னங்க இது, மூஞ்சியில?"

தொட்டுப் பார்த்தார். விரலில் மை. டீச்சர் கண்ணிலிருந்து குழாயில் ஒட்டியிருந்த கண்மை.

"அம்மா தாயே, நீ பாத்தது வெங்காயத்த இல்ல. உன் கண்ணிமை முடிய. நீ கண்ணச் சிமிட்டறப்பல்லாம் அது அசையாம என்ன செய்யும்?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டீச்சர் முகத்தைக் கழுவி மையைத் துடைத்தார். கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு குமிழைத் திருகித் திருகிக் குழாயை இறக்கினார். படக்! சில்லு உடைந்தது.

"நல்லா இருக்கு. பள்ளிக்கூடத்துச் சொத்து," என்றார் அவர் மிக்ஸியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சும்மா இருங்க நீங்க."

வேறு சில்லு மாற்றினார். இம்முறை பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே தகட்டைத் தொடாத அளவுக்கு இறக்கிவிட்டு, பிறகு கண்ணை வைத்து மெல்ல மெல்ல ஏற்றினார். மங்கலாக இருந்தது ஒரு கணத்தில் துலங்கியது. கட்டம் கட்டமாக, ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி. அத்தனை வருஷத்துக்கு முன்னால் பார்க்காமலே வரைந்தது. டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷமும் இருந்தது, அந்த சார் மேல் கோபமும் இருந்தது. ஒரு நிமிஷம் நிற்க விட்டிருந்தால் என்னவாம்?

திங்கட்கிழமை பிள்ளைகளே வீட்டிலிருந்து ஆளுக்கொரு வெங்காயம் கொண்டுவந்தார்கள். டீச்சர் நெட்டைப் பிள்ளைகளை முன்னால் நிறுத்தினார். தனக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாதாம். "அசையுது டீச்சர்" என்று கத்தியவனிடம் "அது உன் இமைடா, கண்ணைத் தள்ளி வை" என்றார். "இருட்டா இருக்கு" என்றவளுக்குக் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார். எல்லாக் கோளாறும் ஏற்கனவே பட்டுத் தேறியதுதானே!

கடைசியில் நின்றது வகுப்பிலேயே குட்டிப் பெண். சுண்டெலி என்பார்கள். அவள் தன் தகட்டைப் பொருத்தும்போதே மணி அடித்துவிட்டது. வாசலில் அடுத்த பாடத்துக்கு வரலாற்று சார் வந்து நின்றார். சுண்டெலி எக்கிப் பார்த்த வேகத்திலேயே விலகினாள்.

"தெரியுது டீச்சர்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்தக் குரல் அவருக்கு அத்துப்படி.

"என்ன தெரியுது?"

"செல்லு டீச்சர். புத்தகத்துல இருக்கற மாதிரியே."

அவள் கண் குழாய்க்கு எட்டவே இல்லை என்பதை டீச்சர் அப்போதுதான் கவனித்தார். நெட்டைகளை முன்னால் விட்டு, இந்தக் குஞ்சைக் கடைசியில் நிறுத்தியது யார்? சாட்சாத் இவரேதான்.

"டீச்சர், என் பீரியட்..." என்றார் வரலாற்று சார்.

"முடியாது சார். கொஞ்சம் இருங்க."

வகுப்பே வாயைப் பிளந்தது. சரி டீச்சர் முடியாது என்கிறாரே! அவர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, சுண்டெலியை அதன் மேல் ஏற்றி நிறுத்தினார்.

"அவசரமே இல்ல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நீயே திருகு. மெல்ல."

அவள் திருகினாள். மங்கலாக வந்த உருவம் போய்விட்டது. மறுபடி திருகினாள். சட்டென்று அவள் கை நின்றது. கண்ணை எடுக்காமலே மூச்சுவிடுகிற சத்தத்தில் கேட்டாள்:

"டீச்சர்... இது எங்க வீட்டு வெங்காயமா?"

"ஆமாண்டி கண்ணு. உங்க வீட்டு வெங்காயந்தான்."

வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் அவள் இறங்கினாள். வரலாற்று சார் சாக்பீஸ் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"எனக்கும் ஒருதடவ காட்டுங்க டீச்சர். படிக்கறப்ப நானும் தெரியுதுன்னு சொல்லிட்டு வந்தவன்தான்."

"சரிங்க சார்," என்று டீச்சர் நாற்காலியை நகர்த்தினார்.