ஊம் கொட்டாத மகள்

திருப்பதியில் பல்கலைக்கழகத்தில் நான் படித்தது தொலைக்காட்சி, வானொலித் தயாரிப்பு. சித்தூரில் எங்கள் கிறிஸ்தவச் சபையில் யாரிடம் இதைச் சொன்னாலும், "டிவியில எப்பம்மா வருவ?" என்றுதான் கேட்பார்கள். டிவியில் வராமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு படிப்பு என்று எப்படிச் சொல்வது? தயாரிப்பாளர் என்பவர் கண்ணிலும் படக்கூடாது, காதிலும் விழக்கூடாது. ஒலிப்பதிவுப் பாடம் எடுத்த ஆசிரியை முதல் வாரமே இதை எங்கள் மண்டையில் ஆணி அடித்து இறக்கிவிட்டார்.

அந்த அம்மாவை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். கடவுள் முதலில் காதை மட்டும் செய்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு ஒட்டவைத்த மாதிரி ஒரு பிறவி. விசிறி ஓடுகிற அறையில் பதிவு செய்த ஒலியைப் போட்டால், அந்த விசிறி எண்ணெய் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்றுகூடச் சொல்லிவிடுவார் என்று நாங்கள் கேலி பேசுவோம். தமிழ் அவருக்குப் பாதிதான் புரியும். எங்கள் வகுப்பில் வீட்டில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

முதல் பயிற்சி, வெளியே போய் யாராவது ஒருவரைப் பேசவிட்டுப் பதிவு செய்து வருவது. ஊருக்கு வரும் வழியில் புத்தலப்பட்டில் இறங்கி, ரோட்டோரம் மாம்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பிடித்தேன். மழை வராததில் ஆரம்பித்து மருமகள் பேசாதது வரை அந்த அம்மா கொட்டித் தீர்த்துவிட்டார். மறுநாள் வகுப்பில் அதைப் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் என் குரல் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏமம்மா, மத்தியலோ எனுமு அருஸ்தா உந்தி?" என்று கேட்டார் ஆசிரியை. நடுவில் எருமை கத்துகிறதே என்று அர்த்தம். வகுப்பே சிரித்தது. தெலுங்கில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் மானம் ஒரே மாதிரிதான் போகிறது.

அப்புறம் அவர் பொறுமையாகவே விளக்கினார். பேட்டி எடுப்பவர் ஊம் கொட்டினால், அந்தச் சத்தம் பேசுகிறவரின் சொல்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதை வெட்டி எடுக்கவும் முடியாது. ஆகவே கண்ணால் கேள், தலையை ஆட்டு, வாயைத் திறக்காதே. எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினாலும் அவசரப்பட்டு உள்ளே புகாதே. மௌனமாக இரு, அந்த மௌனமே அடுத்த வார்த்தையை வெளியே இழுத்து வரும். நான் ரோஷக்காரி. எருமை என்று பெயர் வாங்கிய பிறகு விடுவேனா? விடுதியில் தோழிகள் ஊர்க்கதை பேசும்போதெல்லாம் நாக்கைப் பல்லுக்குள் அடக்கிக்கொண்டு, தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையை மட்டும் ஆட்டிப் பழகினேன். சீக்கிரமே அது கைவந்த கலை ஆகிவிட்டது.

அந்தப் பழைய பழக்கத்தை விடுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கக் கூடாது. ஊம் கொட்டுவது எங்கள் வீட்டில் நைனா, அதாவது அப்பா, போட்ட சட்டம். நைனா சித்தூரில் சபையின் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். பாதி உண்மை, பாதி புளுகு என்று கலந்து அடித்துக் கதை சொல்வார். "கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க" என்று அவரே சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் கேப்பையில் நெய்யை வடிய விடுவார். ஊம் சத்தம் வராவிட்டால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். நான் பத்தாவது படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு சர்க்கரை வியாதி நைனாவின் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முழுக்க இருட்டான பிறகு ஊம் என்பது கதைக்கு மட்டும் அல்ல. நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேனா, சமையலறைக்குப் போய்விட்டேனா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேனா என்பதெல்லாம் அவருக்கு அதில்தான் தெரியும்.

கடைசிப் பருவத்தில் வானொலிக்கு ஒரு நிகழ்ச்சி செய்து தர வேண்டும். ஒரே ஒரு மனிதர், அவர் குரல் மட்டும். தயாரிப்பவரின் குரல் எங்கேயும் வரக்கூடாது. நான் நைனாவைத் தேர்ந்தெடுத்தேன். தமிழில் செய்யலாம், தெலுங்கில் எழுதிக் கொடுத்துவிடு என்றார் ஆசிரியை.

மே மாத வெயிலில் சித்தூர் போய் இறங்கினேன். நைனா சவரம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"ரேடியோவுல சட்டை தெரியாது நைனா."

"தெரியாட்டி போவுது. எனக்குத் தெரியும்ல."

விசிறியை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தேன். நைனா நன்றாகத்தான் ஆரம்பித்தார். பார்வை மங்க ஆரம்பித்த காலத்தில் கோயிலில் பைபிளிலிருந்து வேதபாடம் வாசிக்கும்போது எழுத்துக்கள் காணாமல் போனதையும், அதை வெளியே சொல்லாமல் மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதத்தையே வாரா வாரம் ஒப்பித்ததையும், சபையார் ஒருவர்கூடக் கண்டுபிடிக்காததையும் சொன்னார். "எல்லாருக்கும் மட்டன் குழம்பு நெனப்பு" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன். நடுநடுவே "கீறியாமா?" என்று, நான் எதிரில் இருக்கிறேனா எனக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

யாருக்குத் தலையாட்டினேன்? பதிவு செய்த அத்தனை நேரமும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குக் கண் தெரியாது என்பதைத்தான் நிகழ்ச்சியாகவே செய்துகொண்டிருந்தேன். ஆனாலும் பாடத்தில் சொன்னபடி அவர் கண்ணைப் பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டினேன். படித்தவளின் முட்டாள்தனத்துக்கு எல்லையே கிடையாது.

பிறகு அவர் குரல் இறங்கியது.

"எல்லா மூஞ்சியும் ஒரே நாள்ல போவல. ஒவ்வொண்ணா போச்சு. உங்கம்மா மூஞ்சி மட்டும், போட்டோ பாக்க முடியாம ஆன பின்னாலயும் உள்ள இருந்துது. அது எப்பிடி போச்சுன்னா, ஒரு நாளு..."

நிறுத்தினார். "கீறியாமா?"

தலையை ஆட்டினேன்.

"இன்னாம்மா, கேட்டுக்கினு கீறியா?"

இன்னும் வேகமாக ஆட்டினேன். மௌனமாக இரு, அதுவே அடுத்த வார்த்தையை இழுத்து வரும். நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். நைனா கையை நீட்டி நான் இருந்த பக்கம் துழாவினார். மைக் இடிபட்டுவிடுமோ என்று நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, "எயிந்து போய்ட்டா போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பதிவை நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தேன். "இங்கதான் கீறேன் நைனா."

திடுக்கிட்டுப் போனார். "அடிப்பாவி! அப்பறம் இன்னாத்துக்கு ஊம் கொட்டல?"

விதியை விளக்கினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "செவுத்துக்கே காது உண்டும்பாங்க. உனுக்கு அதுகூட இல்லாம போச்சே."

"விட்ட எடத்துலேருந்து சொல்லு நைனா."

"அது போச்சு போ. வர்றப்ப சொன்னாதான் உண்டு. இன்னொரு நாளு பாக்கலாம்."

அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் கோயிலில் சாட்சி சொல்கிற மாதிரி இலக்கணச் சுத்தமாக வந்தது. "நான் சித்தூரில் பிறந்தேன்" என்று ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. கெடுத்தது நான் என்று அப்போது தோன்றவில்லை. கிழவர் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாரே என்றுதான் தோன்றியது.

இன்னொரு நாள் கேட்கவில்லையா என்றால், கேட்டேன். திருப்பதிக்குப் புறப்படுகிற காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன். "மொதல்ல பஸ்ஸைப் புடி" என்றார்.

பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன். "கீறியாமா" என்று வந்த இடங்களையெல்லாம் எடுத்தேன். அது என்னைப் பார்த்துக் கேட்டது, நானோ நிகழ்ச்சியிலேயே இல்லை. வெறுமனே வெட்டினால் காதுக்கு இடறும். அதற்காக, யாரும் பேசாதபோது அந்த அறை எப்படி ஒலிக்கிறதோ அதையும் கொஞ்சம் பதிவு செய்துகொண்டு வருவோம். வெட்டிய பள்ளத்தில் அந்த வெற்று அறையைப் போட்டு மூடினால் ஒட்டே தெரியாது. நைனா என்னைக் கூப்பிட்ட ஒவ்வொரு இடத்திலும் எங்கள் முன்னறையை எடுத்து ஒட்டினேன். அந்த வேலையில் எனக்கு அவ்வளவு பெருமை.

முடிவாக வைத்தது அம்மாவின் முகத்தை. "அது எப்பிடி போச்சுன்னா, ஒரு நாளு..." அதற்குப் பிறகு நீண்ட அமைதி. அப்படியே நிகழ்ச்சி முடிந்துவிடும். வகுப்பில் போட்டபோது, நான் எழுதிக் கொடுத்த தெலுங்கைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துக்கம் அவர் தொண்டையை அடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். அடைத்தது நான். அதைச் சொல்லாமல் கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

"நீ வாய்ஸ் எக்கடா லேது. சாலா க்ளீன்" என்றார் ஆசிரியை. என் குரல் எங்குமே இல்லையாம், ரொம்பச் சுத்தமாம். அவர் வாயால் அப்படி ஒரு சொல் வருவது சாமானியம் இல்லை. அன்றைக்கே மெமரி கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த குழுவுக்காக அதை அழித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மூலப்பதிவை நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. சுத்தமானதுதான் கையில் இருக்கிறதே என்ற நினைப்பு.

வீட்டுக்குக் கொண்டுபோய் நைனாவுக்குப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். "நல்லா கீதும்மா" என்றார், தூரத்து உறவுக்காரர் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து, "பாதியில நிக்குதே" என்றார்.

"நீதான நைனா அங்க நிறுத்துன?"

"ஆமாமா. நான்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

நான் திருப்பதியிலேயே ஒரு சின்ன ஸ்டூடியோவில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிறு தவறாமல் வீட்டுக்குப் போவேன். கதை சொல்லும் பழக்கம் நைனாவுக்கு மெல்ல மெல்லக் குறைந்துபோயிருந்தது. வியாதி என்றார்கள், வயது என்றார்கள். என்ன சொன்னாலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, இன்னும் இருக்கிறது. கடைசியில் சிறுநீரகமும் பழுதாகி, ஒரு மழைக்காலத்தில் நைனா போய்ச் சேர்ந்தார். அம்மாவின் முகம் எப்படிப் போயிற்று என்பதும் அவரோடு போயிற்று.

அவருக்காக வீட்டில் வைத்த ஜெபக்கூட்டம் முடிந்ததும், "வாத்தியார் கொரல ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கியாமே, போடும்மா" என்று யாரோ கேட்டார்கள். போட்டேன். வேதபாடக் கதை வந்தபோது சபையார் வாய்விட்டுச் சிரித்தார்கள். குரல் எவ்வளவு தெளிவு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கிறது என்றார்கள். ஒட்டு எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு ஒட்டு மட்டும்தான் கேட்டது. இங்கே கூப்பிட்டார், இங்கே கூப்பிட்டார் என்று உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வடமாலபேட்டையிலிருந்து வந்திருந்த அத்தை, நைனாவின் தங்கை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்த பிறகு எல்லோரும் டீ குடிக்க எழுந்து போனார்கள். அவள் மட்டும் என்னிடம் வந்தாள்.

"இவ்ளோ நேரம் எங்கண்ணன் தனியாவாம்மா பேசிக்கினு இருந்துது? கண்ணு தெரியாத மனுஷன். பக்கத்துல ஒருத்தருமே இல்லியா?"

"நான் இருந்தேன் அத்தே."

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிம்மா, அழுவாத" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவள் நம்பவில்லை.