விட்டுக்கொடுக்காத ஆறு

ஆறாம் வகுப்பில் நான் ஒரு சவால் விட்டேன். எங்கள் ஜேடர்பாளையம் தடுப்பணையிலேயே காவிரி இத்தனை அகலம் என்றால், கடலில் சேரும் இடத்தில் அக்கரையே தெரியாது என்றேன். பக்கத்து பெஞ்சுக்காரி, அங்கே வாய்க்கால் மாதிரிதான் ஓடும், என் மாமாவே பார்த்திருக்கிறார் என்றாள். படத்தோடு வருகிறேன், தோற்றால் முதல் பெஞ்சில் என் இடம் உனக்கு என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போதே வாய் நீளம்.

அப்பா லாரி ஓட்டினார். நாமக்கல் முட்டையை மயிலாடுதுறையில் இறக்கிவிட்டு, அங்கே குறுவை நெல் அறுத்த வயல்களின் வைக்கோலை எங்கள் பக்கத்து மாடுகளுக்கு ஏற்றி வருவார். காலாண்டு விடுமுறையில் அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். முட்டை இறங்கியதும் பூம்புகாருக்கு அழைத்துப்போய், காவிரி கடலில் சேரும் இடத்தைக் காட்டினார்.

பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நான் கல்லெறிந்தால்கூட அக்கரையில் போய் விழும். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாளிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"இது எங்க ஆறு இல்லீங்க. எங்கூர்ல எத்தனை அகலம் தெரியுங்களா?"

"இதான் பாப்பா காவேரி. நாங்க வயலுக்கு எடுத்தது போக மிச்சம்" என்று அவர் சிரித்தார்.

திருடியதும் இல்லாமல் சிரிப்பு வேறு. அதற்குள் அப்பா போனில் படம் எடுத்திருந்தார்.

"அழிச்சுப் போடுங்கப்பா."

"அப்பறம் பள்ளிக்கூடத்துல என்னத்தக் காட்டுவ சாமி?"

"ஒண்ணுங் காட்ட மாட்டேன். எடம் போனாப் போவுது."

அழித்தார்.

வைக்கோல் ஏற்றித் திரும்பும்போது, திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் வருவதற்குள் பாலத்துக்குப் பின் பாலம். ஒவ்வொன்றிலும் அப்பா வண்டியை மெதுவாக்கி ஒரு பெயர் சொன்னார். குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு. எல்லாம் காவிரி பிரிந்து வந்ததுதானாம். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இத்தனை தண்ணியையும் எடுத்து இவங்க என்னதாம்ப்பா பண்றாங்க?"

"பின்னால என்ன ஏத்தியிருக்குது?"

"வைக்கோலு."

"அதாஞ் சாமி."

நான் ஆற்றைக் கேட்டால் இவர் லோடைச் சொல்கிறார். அப்பாவும் அந்த ஊர்க்காரர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

பள்ளி திறந்ததும் நானாகவே பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனேன். தோற்றுவிட்டாயா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை என்றேன். எவ்வளவு கேட்டும் அந்த வாய்க்காலைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆற்றைத் திருடியவர்களை உயிருள்ளவரை மன்னிப்பதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே, மத்தியானம் டப்பாவில் இருந்த தயிர்ச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றேன்.